சரிவில் இறங்கும் பொறுப்பு: குரங்கணி மலைக்குத்தகை பற்றிச் சில குறிப்புகள்

பட்டா என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். முச்சலிக்கா என்றால்? ஆர்.டி.ஓ. முன்னால் நின்று 'இனிமேல் ஒழுங்காக இருப்பேன்' என்று எழுதிக்கொடுக்கிற நன்னடத்தைப் பத்திரம் என்பார்கள். இந்த இரண்டு சொல்லும் ஒரு காலத்தில் ஜோடியாக நடமாடியவை. 1802ஆம் ஆண்டின் சென்னை ரெகுலேஷன் 30, நிலவுடைமையாளன் குடியானவனுக்குப் பட்டா கொடுக்க வேண்டும், குடியானவன் பதிலுக்கு முச்சலிக்கா எழுதித் தர வேண்டும் என்றது. 1865ஆம் ஆண்டின் குத்தகை வசூல் சட்டம் இன்னும் ஒரு படி போய், இந்தப் பரிமாற்றம் நடக்காமல் ஜமீன்தார் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது என்றது. ஆக, பட்டா என்பது கொடுக்கிறவனைக் கட்டுகிற காகிதமாகத்தான் பிறந்தது. இவ்வளவுதான் கேட்பேன், இதற்கு மேல் கேட்க மாட்டேன் என்று உடைமையாளன் எழுதித் தருவது. முச்சலிக்கா வாங்கிக்கொண்டவனின் மறுவாக்கு.

பின்னால் நடந்ததைப் பாருங்கள். பட்டா மேலே ஏறி உடைமைக்கே மறுபெயராகிவிட்டது. முச்சலிக்கா கீழே இறங்கிப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்துக்கொண்டது. கொடுத்தவனைக் கட்டிய காகிதம் கொடுத்தவனின் சொத்தாயிற்று. நன்னடத்தை மட்டும் வாங்கியவன் தலையில். நிலவுடைமை பற்றிய நம்முடைய சொல்லாடல் முழுவதும் இந்த நழுவலுக்குள்தான் சிக்கிக் கிடக்கிறது என்று தோன்றுகிறது. நிலச்சீர்திருத்தம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். யாருக்கு நிலம், எத்தனை ஏக்கர், உச்சவரம்பு எவ்வளவு, பினாமி யார் என்றெல்லாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவன் அந்த நிலத்தில் நடப்பதற்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்ற கேள்வியை இடதுசாரிகள்கூட அவ்வளவாகத் தொட்டதில்லை. தேனிப் பக்கத்தில் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு. 'குத்தகைக்கு விட்டாச்சு, இனி அவெம்பாடு.' இந்த 'அவெம்பாடு' என்பதன் வரலாற்றைத்தான் குரங்கணிச் சரிவில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே, கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகிற ரோடு முடிகிற இடம் குரங்கணி. அதற்கு மேலே நடைதான். சென்ட்ரல், முதுவாக்குடி, டாப் ஸ்டேஷன் என்று கொட்டகுடி ஊராட்சியின் ஊர்கள் சரிவில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. காப்பி, மிளகு, எலுமிச்சை, இலவம் என்று விளைவது எதுவானாலும் சுமை குதிரை முதுகில் வர வேண்டும், அல்லது ஆள் தலையில். மேற்கே உச்சியில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் வண்டி போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். இந்தச் சரிவில் ஓர் ஓடையைத் தாண்டினால் உடைமை மாறும். ரிசர்வ் காடு, பட்டா நிலம், எஸ்டேட், பழைய ஜமீன் காடு, முதுவர்கள் தலைமுறையாகப் புழங்கிய நிலம். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை போடி பாளையமாக இருந்து ஜமீனான ஊர். 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் வயலில் உழுத குடியானவனுக்குச் சில உரிமைகள் தந்தது. காட்டில் அவனுக்கு அப்படி எதுவும் இல்லை.

சரிவின் உச்சியில்தான் நம்முடைய முதல் பத்திரம் இருக்கிறது. 1877 ஜூலை 11ஆம் தேதி பூஞ்சார் ராஜா, ஜான் டேனியல் மன்றோ என்கிற ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் மலையையும் அஞ்சுநாட்டையும் எழுதிக் கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், வருஷப் பாட்டம் 3,000 ரூபாய். பின்னால் அளந்தபோது ஏறத்தாழ 1,37,000 ஏக்கர் வந்தது. 1878 நவம்பரில் திருவிதாங்கூர் அரசு இதற்கு ஒப்புதல் தந்தது. 1879ல் வடதிருவிதாங்கூர் நில நடவு வேளாண் சங்கம் என்று தோட்டக்காரர்கள் ஒன்று கூடினார்கள். 1897ல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி பதிவாயிற்று. 1899ல் பூஞ்சாரின் உரிமை திருவிதாங்கூர் அரசிடம் போய்ச் சேர்ந்தது. 1971ல் கேரள அரசு நிலத்தை மீட்கும் சட்டம் கொண்டுவந்தது, 1972ல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அப்புறம் நில வாரியம் சுமார் 57,000 ஏக்கரைக் கம்பெனியிடமே திருப்பிக் கொடுத்தது. பாட்டம் வாங்கிய ராஜா, ராஜாவுக்கு மேல் ராஜா, அப்புறம் சர்க்கார் என்று கைமாறிய வரிசை இது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வருமானம் யாருக்கு என்பது திருத்தமாக எழுதப்பட்டது. அந்த மலையில் இருக்கிறவர்களுக்கு, இறக்கிக் கொண்டுவரப்படப் போகிறவர்களுக்கு, கொடுத்தவன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்பது யாருடைய பேச்சுவார்த்தையிலும் ஒரு விஷயமாகவே இல்லை.

மதுரையிலிருந்து வந்த பாண்டிய வழி என்று பூஞ்சார் அரச குடும்பம் சொல்லிக்கொள்ளும். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று முதுவர்களும் சொல்லுவார்கள். ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட இரண்டு கதையாடல்கள். ஒன்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது. மற்றது துரைமார்களுக்கு வழி காட்டியது, மூட்டை தூக்கியது. கண்ணன் தேவன் என்பதே மலையில் இருந்த ஆட்களின் பெயர் என்பது வழக்கு. பெயர் டீத்தூள் பாக்கெட் வரைக்கும் வந்துவிட்டது, ஆள் பத்திரத்துக்குள் வரவில்லை.

மூலதனம் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் நிலவாடகை பற்றிப் பேசுகிறபோது ஓர் இடம் வரும். நிலம் ஸ்காட்லாந்தில் இருக்க, நிலவுடைமையாளன் ஆயுள் முழுவதும் கான்ஸ்டாண்டிநோபிளில் இருக்கலாம் என்கிறார். முதலாளித்துவம் நிலத்தையும் உடைமையாளனையும் அவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட்டது என்பது அவர் வாதம். நம்முடைய மலையில் இந்தப் பிரிவினை இன்னும் ஒரு காரியம் செய்தது. உடைமையாளன் தூரத்தில் இருப்பது அவனுடைய வசதி மட்டுமாக நிற்கவில்லை, அதுவே அவனுக்குச் சட்டப் பாதுகாப்பாகவும் ஆயிற்று. அங்கே இல்லாதவனை எதற்குப் பொறுப்பாக்குவது?

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902ல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, 1908ல் அது குறுகிய ரயில்பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டி கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக் கீழ்நிலையத்துக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1924 ஜூலை வெள்ளம் மூணாறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததே 1928ல்தான். சரக்கு இறங்கிய பாதையிலேயே ஆட்கள் ஏறினார்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிவந்த சனங்கள். அவர்களுக்கு நிலத்தோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. கங்காணியோடு முன்பணக் கணக்கு இருந்தது. கங்காணிக்குக் கம்பெனியோடு கணக்கு. கம்பெனிக்கு ராஜாவோடு பாட்டம். இந்த அடுக்கில் மேலே இருப்பவன் தனக்கு நேர் கீழே இருப்பவனிடம் மட்டும்தான் பேசுவான். கீழே இருந்து மேலே கை நீட்டினால் ஒரு படிக்கு மேல் எட்டாது.

இப்போது சட்டத்துக்கு வரலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108. குத்தகைக்கு விடுகிறவனின் கடமைகள் அதில் இருக்கின்றன. சொத்தில் பெரிய குறை ஏதும் இருந்து, அது அவனுக்குத் தெரிந்து, எடுக்கிறவனுக்குத் தெரியாமலும் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாமலும் இருந்தால் சொல்லிவிட வேண்டும். வாடகை ஒழுங்காகக் கட்டுகிறவனை இடைஞ்சல் இல்லாமல் அனுபவிக்க விட வேண்டும். தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ சொத்தின் முக்கியப் பகுதி அழிந்து பயன்படாமல் போனால் எடுத்தவன் குத்தகையை முறித்துக்கொள்ளலாம். மலைச்சரிவுக்கு என்றே எழுதியது மாதிரி இருக்கிறது, இல்லையா? தீ, புயல், வெள்ளம், ஒளிந்திருக்கும் குறை. ஆனால் இன்னும் ஒன்பது பிரிவு தள்ளிப் போனால் 117 வருகிறது. இந்த அத்தியாயம் விவசாயக் குத்தகைகளுக்குப் பொருந்தாது. மாநில அரசு அறிவிக்கை போட்டால் ஒழிய. டவுனில் கடை வாடகைக்கு எடுத்தவனுக்குக் கிடைக்கிற உறுதி, காட்டை எடுத்தவனுக்குக் கிடையாது.

விவசாயத்தை அந்தந்த ஊர் வழக்கத்துக்கே விட்டுவிடுவோம் என்பதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வழக்கம் என்பது என்ன? கிராமத்தில் யாருக்குக் குரல் இருந்ததோ அவர்களின் வழக்கம். நீதிமன்றங்கள் பொதுநியாயம் என்ற பெயரில் அந்த அத்தியாயத்துக் கொள்கைகளில் சிலவற்றை எடுத்து விவசாயக் குத்தகைக்கும் பொருத்துவதுண்டு. அதற்கு வழக்கு என்று ஒன்று கோர்ட்டுக்குப் போக வேண்டும். வாய்ப்பேச்சில் எடுத்த காட்டுக்கு எந்தக் கோர்ட்டில் எதைக் காட்டுவது?

1955ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் ஆகியவை வந்தது பெரிய விஷயம்தான். தஞ்சாவூர்ப் போராட்டங்கள் இல்லாமல் அவை வந்திருக்காது. அவை வெளியேற்றத்தைத் தடுத்தன, வாரத்தைக் குறைத்தன, பெயரைப் பதிவேட்டில் ஏற்றின. வயலை மனசில் வைத்து எழுதப்பட்டவை. மலையை வைத்து எழுதப்பட்டவை அல்ல. உடைமையாளனின் கையை அவை பிடித்தன. அவனுடைய பொறுப்பை அவை எழுதவில்லை.

இதை ஏதோ நம்மூர்ப் பிற்போக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சட்டக் கல்லூரியில் நிலத்தோடு தொடர்புடைய பொறுப்புக்கு முதல் பாடமாகச் சொல்லித்தருகிற வழக்கு இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர், 1868ல் பிரபுக்கள் சபை தீர்த்தது. ரைலண்ட்ஸ் தன் மில்லுக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணீர் பழைய சுரங்க வழியாக இறங்கிப் பக்கத்தில் பிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. அபாயமான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவன் அது தப்பிப் போய்ச் செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு என்று தீர்ப்பு. சரி. ஆனால் அந்த நீர்த்தேக்கம் இருந்த நிலம் ரைலண்ட்ஸுடையது இல்லை, வில்டன் பிரபுவுடையது. அவர் அனுமதியில் கட்டியது. பிளெட்சர் சுரங்கம் தோண்டியதும் அதே பிரபுவிடம் குத்தகைக்கு எடுத்துத்தான். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே நிலப்பிரபு, வழக்கில் அவர் இல்லவே இல்லை! 'நிலத்துக்குரியவன் பொறுப்பு' என்று நூற்றைம்பது வருஷமாக மேற்கோள் காட்டப்படும் பிரதியிலிருந்தே நிலத்துக்குரியவன் நழுவிப் போயிருக்கிறார். இந்த மௌனத்தைத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

1906ல் இன்னொரு வழக்கு, கவாலியர் எதிர் போப். வீட்டுத் தரைப்பலகை பழுது, சரிசெய்து தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார், செய்யவில்லை. வாடகைதாரனின் மனைவி தரை உடைந்து விழுந்து அடிபட்டாள். ஒப்பந்தம் புருஷனோடு, அவள் ஒப்பந்தத்துக்கு அந்நியள், எனவே அவளுக்கு எதுவும் கிடையாது என்றார்கள். இங்கிலாந்து பின்னால் சட்டம் போட்டு இதைத் திருத்திக்கொண்டது. 1957ல் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வருகிறவர்கள் பற்றிய பொறுப்புச் சட்டம், 1972ல் பழுதான கட்டடங்கள் பற்றிய சட்டம். அப்படியொரு பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. தோட்டத்து லயத்தில் பிள்ளைகுட்டியோடு படுத்திருந்தவர்கள் எல்லோரும், 1906ஆம் ஆண்டுத் தர்க்கப்படி, ஒப்பந்தத்துக்கு அந்நியர்கள்தான்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து மலையேற வந்திருந்த முப்பத்துச் சொச்சம் பேர், முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு, குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீயில் சிக்கினார்கள். பெரும்பாலும் இளம் வயது, பெண்கள் அதிகம். சம்பவ இடத்திலும் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். அன்றைக்கு முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி, கொட்டகுடி சனங்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையிலும் கம்பிலும் கட்டித் தூக்கி இறக்கினார்கள். ஹெலிகாப்டர் அப்புறம் வந்தது.

அடுத்த நாளிலிருந்து பேச்சு எப்படிப் போயிற்று என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். யார் கூட்டிவந்தது, யார் பணம் வாங்கியது, எந்தப் பாதைக்கு அனுமதி, எந்த ரேஞ்சர் விட்டார். வனச்சரகர் சஸ்பெண்ட் ஆனார், ஏற்பாடு செய்தவர்கள் மேல் வழக்கு, அதுல்ய மிஸ்ரா தலைமையில் ஒரு நபர் விசாரணை. கூடவே இன்னொரு பேச்சும் கிளம்பியது: கீழே யாரோ ஒரு விவசாயி புல்லுக்கு வைத்த தீ. மலைச்சரிவின் எல்லாத் தீக்கும் இந்த முகமில்லாத 'யாரோ ஒரு விவசாயி' தயாராக இருக்கிறான். குத்தகைக்கு எடுத்தவனாகவோ கூலிக்குச் செதுக்கியவனாகவோதான் அவன் கற்பனை செய்யப்படுகிறான். நிலத்துக்குச் சொந்தக்காரன் என்று யாரும் கற்பனை செய்யவில்லை.

கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மார்ச் மாதத்தில் இந்தப் புல்மேடுகள் வைக்கோல்போராக நிற்கும் என்பது சரிவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதாவது 108ஆம் பிரிவு சொல்கிற 'தெரிந்த குறை'. தீத்தடுப்புக் கோடு செதுக்க வேண்டியது யார்? பட்டாக்காரனா, எஸ்டேட்டா, வனத்துறையா? 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் 79ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சென்னை மாகாணத்துக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் தனி, என்றாலும் மனோபாவம் புரிவதற்காக இதைச் சொல்கிறேன். காட்டில் மேய்ச்சல் போன்ற உரிமை அனுபவிக்கிறவர்கள், காட்டில் விளைபொருள் எடுக்க அனுமதி பெற்றவர்கள், அவர்களுடைய வேலையாட்கள், பக்கத்துக் கிராமத்தில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆகியோர் தீ பற்றித் தகவல் தரவும் அணைக்கவும் கடமைப்பட்டவர்கள். செய்யாவிட்டால் தண்டனை. அனுபவிக்கிறவனுக்குக் கடமை, உடைமைக்காரனான சர்க்காருக்கு அதே பிரிவில் ஒரு கடமையும் இல்லை. மறுபடியும் பட்டாவும் முச்சலிக்காவும்.

இந்தச் சரிவில் இன்றைக்குப் பெரிய நிலச்சுவான்தார் யார் என்றால் அரசுதான். 2018லேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்தது, அதில் குரங்கணி–சாம்பலாறும் ஒன்று. ஒரு பகல் நேரத்துக்குக் காட்டை உபயோகிக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிற சீட்டு. சட்ட மொழியில் இது குத்தகை அல்ல, உரிமம். நுழைவதற்கு அனுமதி, அவ்வளவுதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு நிலத்தைத் திறந்துவிடுகிறவனின் பொறுப்பு என்ற கேள்விக்குப் பெயர் மாற்றம் பதிலாகாது. 'உரிமம்' என்ற சொல் இந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்கான சௌகரியமாக ஆகிவிடக் கூடாது என்று கவலைப்பட வேண்டியிருக்கிறது.

தீயை விட்டுத் தண்ணீருக்கு வருவோம். டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், அதே கண்ணன் தேவன் மலையில், 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். தமிழர்கள், பல குடும்பங்களுக்குக் கயத்தாறு சொந்த ஊர். அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981ல் சேர்த்த 16ஏ என்கிற பிரிவு உண்டு. தோட்டம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். நல்ல சட்டம், கவாலியர் வழக்குக்குத் தோட்டத் தொழிலாளர் கொடுத்த பதில் என்றே சொல்லலாம். ஆனால் ஒரு விலக்கு: இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் கிடையாது. லயம் எந்தச் சரிவில், எந்த ஓடைக்குக் கீழே கட்டப்பட்டது என்பது இயற்கை எடுத்த முடிவா? நிலத்தைக் கொடுத்தவனும் வாங்கியவனும் சேர்ந்து எடுத்த முடிவு, யாரோ ஒருவர் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்ட முடிவு. கேரள அரசு இறந்தவர்களுக்குத் தலா 5 லட்சம் அறிவித்தது. மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானபோது 10 லட்சம் அறிவித்தது. அது ஏன் என்று அன்றைக்கே கேரளத்தில் சண்டை நடந்தது. தொகையைவிட வார்த்தை எனக்கு உறுத்துகிறது. இரண்டுமே நிவாரணம். நிவாரணம் தருகிறவன் தர்மம் செய்கிறான். இழப்பீடு தருகிறவன் கடனைத் தீர்க்கிறான்.

ஏலத்துக்குத் திரும்பலாம், போடியின் சோறு அதுதான். சரிவுக்குத் தெற்கே, போடிமெட்டுக்கு அப்பால் ஏலமலைக் காடு. திருவிதாங்கூர் 1897ல் வெளியிட்ட அறிவிக்கையில் அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்னும் உச்சநீதிமன்றத்தில் நிற்கிற விவகாரம். ஓர் எண் முன்னால் இருந்ததா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கர் காடாவதும் தோட்டமாவதும்! அங்கே மண் வருவாய்த் துறைக்கு, மண்ணில் நிற்கிற மரம் வனத்துறைக்கு, மரநிழலில் விளைகிற ஏலம் தோட்டக்காரனுக்கு. 1961ஆம் ஆண்டு கேரள விதிகளின்படி அரசு நிலம் ஏலத்துக்கென்றே குத்தகைக்குத் தரப்பட்டது. இப்படி மூன்றாகப் பிரித்த உடைமையில் மரக்கிளை ஒடிந்து ஒரு பொம்பளை செத்தால் எந்த ஆபீசுக்குப் போவது?

அதற்கு மேல் உள்குத்தகை. வெளியூரில் இருக்கிற தோட்டக்காரர் ஒரு வருஷமோ மூணு வருஷமோ காய் பலனை ஒருவருக்குப் பேசிவிடுகிறார். விலை ஏறின வருஷம் போட்டி போட்டு எடுத்தவர், விலை விழுந்த வருஷம் போட்ட காசை எடுக்க மருந்தை அடித்துத் தள்ளுகிறார். ஒரு வருஷக் குத்தகைக்காரனிடம் பத்து வருஷத்து மண்ணைப் பற்றிப் பேசுவது வீண். மருந்தடிக்கிறவனுக்குக் கையுறை, முகமூடி யார் தருவது? உடைமையாளரைக் கேட்டால் குத்தகைக்காரர் என்பார், குத்தகைக்காரரைக் கேட்டால் ஆள் கூட்டிவந்த கங்காணி என்பார்.

விடியற்காலை போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ரோடுகளில் நின்று பார்த்தால் தெரியும். ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டு ஏறும். அடைத்துக்கொண்டுதான் ஏறும். கவிழ்ந்தால் கேஸ் டிரைவர் மேல். வண்டி தோட்டத்துக்காகத்தான் ஓடுகிறது, ஆனால் தோட்டத்துடையது இல்லை. முன்பு கங்காணி செய்த காரியத்தை இப்போது ஜீப்பு செய்கிறது என்றும் சொல்லலாம். அடுக்கில் இன்னொரு படி சேர்ந்திருக்கிறது.

குத்தகை முடியும்போது என்ன ஆகிறது என்பதற்கு மாஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929 பிப்ரவரியில் 8,373 ஏக்கர் சொச்சத்தை 99 வருஷத்துக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்தது, கம்பெனி அரசின் குத்தகைதாரன் ஆனது. 1999 ஜூலை 23ல் தாமிரபரணியில் 17 பேர் செத்தது இந்தத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில்தான். 2024ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லி ஆட்களை இறக்கத் தொடங்கியது, டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தோட்டத்தைத் தொடர்ந்து நடத்தக் கோரிய மனுக்களைத் தள்ளியது. காடு காடாக வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. நான்கு தலைமுறையாக அந்த நிலத்தில் பிறந்தவர்களுக்கு நிலத்தைக் கொடுத்தவன், அதாவது அரசு, எந்தப் பத்திரத்தின்படி என்ன கடன்பட்டிருக்கிறது என்று கேட்டால் பதில் கருணை மொழியில்தான் வருகிறது: வீடு தருகிறோம், கடன் தருகிறோம். 'தர வேண்டியிருக்கிறது' என்று வருவதில்லை.

தோழர்கள் இதை வெறும் தத்துவமாக விட்டுவிட வேண்டியதில்லை. 117ஆம் பிரிவிலேயே கதவு திறந்திருக்கிறது. மாநில அரசு ஓர் அறிவிக்கை மூலம் 108ஐ, முழுதாக வேண்டாம், கொடுப்பவனின் கடமைகளை மட்டும், மலைக்குத்தகைக்குக் கொண்டுவரலாம். எல்லாவற்றையும் கொண்டுவந்தால் உடைமையாளனின் உரிமைகளும் சேர்ந்து வந்துவிடும், அது ஆபத்து. 1955ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைப் பத்திரத்தை மூன்று பிரதியாக எழுதச் சொல்கிறது. தீக்கோடு யார் செதுக்குவது, மருந்து என்ன, ஆள் ஏறுகிற வண்டி யாருடைய பொறுப்பு, லயம் எந்த ஓடைக்கு எவ்வளவு தள்ளி என்று நாலு வரி அந்த மூன்றிலும் இருந்தால், அடிபட்டவள் பத்திரத்துக்கு அந்நியள் என்று சொல்ல முடியாது. ஏலக்காய் போடியில் மின்னணு ஏலத்துக்கு வருகிறபோது ஒவ்வொரு லாட்டுக்கும் எண் உண்டு, எடை உண்டு, யார் கொண்டுவந்தது என்ற பதிவு உண்டு. எந்தத் தோட்டம், யாருடைய நிலம், யார் குத்தகை, எந்த ஜீப்பில் வந்த ஆட்கள் பறித்தது என்று மேலும் நாலு கட்டம் அந்தப் பதிவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். வியாபாரிகள் கத்துவார்கள். முதலில் கேட்க வேண்டிய இடம் போடி தாலுகா ஆபீஸ்: மலைப்பக்கத்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான குத்தகைகள் எத்தனை, கையில் இருக்கிற மூன்றாவது பிரதிகள் எத்தனை?